கலப்பதும் சேர்வதும்

ஆடி மாதத்தில் கலியாணப் பேச்சு எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வழக்கத்தை எல்லாரையும்விடக் கண்டிப்பாகக் காப்பாற்றுகிறவள் என் அக்கா. அப்படிப்பட்டவளே, ஆடித் தபசுக்காக நானும் என் மனைவியும் சங்கரன்கோயிலுக்குப் போய் இறங்கிய அன்று, காபித் தம்ளரை என் கையில் கொடுத்த கையோடு அந்தப் பேச்சைத்தான் எடுத்தாள்.

"பொண்ணு வேற மதம்னு சொன்னே. சரி, காலம் அப்படி ஆயிப்போச்சு. நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா வீட்டுக்கு வந்தப்புறம் நம்மளோட கலந்துரணும், தம்பி. பாலில் சர்க்கரை கலந்த மாதிரி. சர்க்கரை இருக்கிற இடமே தெரியக் கூடாது."

வருகிற தை மாதம் என் மகனுக்குத் திருமணம். பெண் பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவள். இருவரும் தாங்களே பார்த்து முடிவு செய்துகொண்டார்கள். இரு வீட்டிலும் பெரியவர்கள் கொஞ்சம் தயங்கி, கொஞ்சம் அழுது, பிறகு ஒப்புக்கொண்டோம். அக்காவும் ஒப்புக்கொண்டாள். அவள் கேட்டது ஒரே ஒரு நிபந்தனை. கேட்பதற்கு அது நிபந்தனை மாதிரிகூடத் தெரியாது. வாழ்த்து மாதிரி இருக்கும்.

என் மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. நானும் ஒன்றும் பேசவில்லை. "ஆகட்டும், பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அந்த 'ஆகட்டும்' எனக்குப் புதிதல்ல. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கூடத்து மேஜையில் அக்காவின் மகன் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கல்லூரியில் உலோகவியல் படிக்கிறான். திருவிழாவுக்கு வந்த இடத்திலும் பரீட்சை அவனை விடவில்லை. பேச்சை மாற்ற ஒரு வழி கிடைத்ததென்று அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. இடப்பக்கத்து உயரத்திலிருந்து ஒரு கோடும் வலப்பக்கத்து உயரத்திலிருந்து ஒரு கோடும் சரிந்து இறங்கி, நடுவே தாழ்வான ஓர் இடத்தில் சந்தித்துக்கொண்டன. கழுகு ஒன்று சிறகை விரித்துத் தலையைக் கீழே தாழ்த்தியிருப்பதுபோல் இருந்தது.

"இது என்ன, மாப்பிள்ளை?"

"நிலைமைப் படம், மாமா. காரீயத்தையும் வெள்ளீயத்தையும் சேர்த்தா, எந்தச் சூட்டில எது எப்படி இருக்கும்னு காட்டுது."

"நிலைமை என்றால்?"

"ஒரே மாதிரியா இருக்கிற பகுதி. தண்ணியில ஐஸ் கட்டி மிதந்தா பொருள் ஒண்ணு, நிலைமை ரெண்டு. தண்ணியில உப்பு கரைஞ்சு போனா பொருள் ரெண்டு, நிலைமை ஒண்ணு."

பொருள் ஒன்று, நிலைமை இரண்டு. பொருள் இரண்டு, நிலைமை ஒன்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது வேறு எந்த ஊரிலாவது பரீட்சைப் பாடமாக இருக்கலாம். சங்கரன்கோயிலில் இது தல புராணம் அல்லவா?

இந்த ஊர்க் கதை பலருக்கும் தெரிந்ததுதான். சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். ஒருவன் சிவனே பெரியவன் என்றான். மற்றவன் திருமாலே பெரியவன் என்றான். வழக்கு அம்மனிடம் போயிற்று. அம்மன் தீர்ப்புச் சொல்லவில்லை. புன்னை வனத்தில் தவம் இருந்தாள். ஆடி மாதத்து உத்திராட நாளில், வலப்பாதி சிவனாகவும் இடப்பாதி திருமாலாகவும் இறைவன் ஒரே திருமேனியில் காட்சி கொடுத்தார். இந்தக் காட்சிதான் ஆடித் தபசு. 'இரண்டு எப்படி ஒன்றாக இருக்க முடியும்?' என்ற கேள்வியை வைத்துக்கொண்டு ஓர் ஊரே ஆண்டுதோறும் பன்னிரண்டு நாள் விழா நடத்துகிறது. அதே கேள்வியை வைத்துக்கொண்டு என் மருமகன் பரீட்சை எழுதப் போகிறான். அதே கேள்விதான் என் அக்காவின் வாயில் பாலும் சர்க்கரையுமாக வந்தது.

"எனக்கு இந்தப் படத்தைப் படிக்கச் சொல்லிக்கொடு" என்றேன்.

அவன் சொல்லிக்கொடுத்ததை என் வார்த்தையில் சொல்கிறேன். நிலைமைப் படமும் ஒரு தேசப்படம் போன்றதுதான். தேசப்படத்தில் கிழக்கு மேற்கு, வடக்கு தெற்கு என்று பார்ப்போம். இதில் குறுக்கே பார்த்தால் பங்கு. மேலே பார்த்தால் சூடு. இடது ஓரத்தில் முழுக்கக் காரீயம். வலது ஓரத்தில் முழுக்க வெள்ளீயம். நடுவே நூற்றுக்கு இத்தனை பங்கு என்று கலவைகள். எத்தனை பங்கு, எத்தனை சூடு என்று இரண்டையும் சொல்லிவிட்டால் படத்தில் ஒரு புள்ளி கிடைக்கும். அந்தப் புள்ளி எந்த எல்லைக்குள் விழுகிறதோ அதுதான் அந்தக் கலவையின் நிலைமை. மேலே இருப்பது உருகிய நாடு. கீழே இருப்பது உறைந்த நாடு. நடுவே பாதி உருகியும் பாதி உறைந்தும் கிடக்கும் எல்லைப்புறம்.

அந்த எல்லைப்புறத்தில் ஒரு வேடிக்கை. நூற்றுக்கு 40 பங்கு வெள்ளீயம் உள்ள கலவையை உருக்கி, மெல்ல ஆற விடுகிறோம். 183 டிகிரிக்குச் சற்று மேலே நிறுத்திப் பார்த்தால், கட்டியான பகுதியில் வெள்ளீயம் 19 பங்குதான் இருக்கிறது; குழம்பாக மிஞ்சிய பகுதியில் ஏறக்குறைய 62 பங்கு இருக்கிறது. கட்டி எவ்வளவு, குழம்பு எவ்வளவு? 19-ஐயும் 62-ஐயும் இரு முனையாக வைத்து ஒரு துலாக்கோலை நினைத்துக்கொள்ள வேண்டும். 40 என்ற இடத்தில் அதைத் தூக்கிப் பிடித்தால் இரு பக்கமும் சமமாக நிற்க எவ்வளவு எவ்வளவு எடை வேண்டுமோ, அதுவே கணக்கு. ஏறக்குறையப் பாதிக்குப் பாதி வருகிறது. மண்டிக்கடைக்காரர் தராசு பிடிக்கிற கணக்கேதான்.

இந்தப் படங்களுக்கெல்லாம் அடிப்படை போட்டவர் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த வில்லார்ட் கிப்ஸ். 1876 முதல் 1878 வரை கனெக்டிகட் மாநிலத்து அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் ஒரு நீண்ட கட்டுரையைப் பகுதி பகுதியாக எழுதினார். அப்போது அதைப் படித்துப் புரிந்துகொண்டவர்கள் மிகச் சிலர். தொடராக எழுதியும் கவனிப்பார் இல்லாமல் போகும் துயரம் கதை எழுதுகிறவர்களுக்கு மட்டுமே உரியது என்று நான் நினைத்திருந்தேன். பிறகு ஹாலந்து நாட்டு ரோஸெபூம் என்ற அறிஞர் அந்த விதியை எடுத்துக் கையாண்டு காட்டினார். 1900-இல் இரும்புக்கும் கரிக்கும் இந்த முறையில் படம் வரைந்தார். இன்று உருக்காலையில் வேலை பார்க்கிறவர் எவரும் அந்தப் படத்தின் வழிவந்த படம் இல்லாமல் காலம் தள்ள முடியாது.

கிப்ஸின் விதி எத்தனை சுதந்திரம் உண்டு என்று எண்ணிச் சொல்லுகிறது. இரண்டு உலோகம் சேர்ந்து ஒரே நிலைமையில் இருந்தால், சூட்டையும் மாற்றலாம், பங்கையும் மாற்றலாம்; சுதந்திரம் இரண்டு. நிலைமை இரண்டாகிவிட்டால் சுதந்திரம் ஒன்றாகக் குறைந்துவிடும். மூன்று நிலைமைகள் ஒரே சமயத்தில் இருந்தாக வேண்டுமென்றால் சுதந்திரம் பூஜ்யம். அது ஒரே சூட்டில்தான் நடக்கும். "மாமியார், மருமகள், மகன் மூணு பேரும் ஒரே அடுப்படியில நிக்கிற மாதிரி" என்றான் பையன். அவன் அம்மா உள்ளேயிருந்து, "கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றாள்.

நான் அவனிடம் கேட்க நினைத்தது வேறு. "பாலில் சர்க்கரை கலந்த மாதிரி என்கிறாளே உன் அம்மா, அதற்கு இந்தப் படம் என்ன சொல்லுகிறது?"

அவன் சிரித்தான். "அதுக்கும் எல்லை உண்டு மாமா."

உண்டுதான். சாதாரணச் சூட்டில் இருக்கும் தண்ணீர் தன் எடையைப்போல் இரண்டு மடங்கு சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். கொதிக்கும் தண்ணீர் ஏறக்குறைய ஐந்து மடங்கைக் கரைத்துக்கொள்ளும். சூட்டில் ஐந்து மடங்கையும் வாங்கிக்கொண்டு, 'நீ வேறு, நான் வேறு இல்லை' என்று நிற்கிற பாகை அடுப்பிலிருந்து இறக்கி, நூலைத் தொங்கவிட்டு ஆற வைத்தால் என்ன ஆகிறது? கற்கண்டு விளைகிறது. சூட்டில் ஏற்றுக்கொண்டதைக் குளிர்ச்சியில் தாங்க முடியாமல் பாகு வெளியே தள்ளுகிறது. காரீயமும் அப்படித்தான்: 183 டிகிரியில் நூற்றுக்கு 19 பங்கு வெள்ளீயத்தைத் தனக்குள் ஏற்றுக்கொள்கிறது, ஆறிய பிறகு இரண்டு பங்குகூட அதனிடம் தங்குவது கடினம்.

காதலிக்கிற காலத்தில் ஒருவரை ஒருவர் எவ்வளவோ ஏற்றுக்கொள்கிறார்கள். நான் எழுதிய பல கதைகள் அந்தச் சூட்டோடு முடிந்துவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு என்ன ஆயிற்று என்று எழுதுவதற்கு எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

முழுக்க முழுக்கக் கரைந்து ஒன்றாகிவிடுகிற ஜோடியே இல்லையா? இருக்கிறது. செம்பும் நிக்கலும் அப்படி. எந்தப் பங்கில் சேர்த்தாலும் உறைந்த பிறகும் ஒரே நிலைமைதான். 1992-இல் வெளிவந்த தடித்த ஐந்து ரூபாய் நாணயம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதில் நூற்றுக்கு 75 பங்கு செம்பு. 25 பங்குதான் நிக்கல். ஆனால் அந்த நாணயத்தில் செம்பின் சிவப்பை யாராவது கண்டதுண்டா? முழுக்க வெள்ளை. முக்கால் பங்கு இருந்தும் செம்பு தன் நிறத்தை இழந்துவிட்டது. 'சிறிதாக வருவது பெரிதாக இருப்பதில் கரைந்துவிடும்' என்று எண்ணிக்கொண்டுதான் குடும்பங்கள் மருமகளை அழைக்கின்றன. உண்மையாகவே கரைந்தால் கரைத்துக்கொண்டவனும் பழையபடி இருக்க முடியாது என்பதை எந்த மாமியாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

காரீயமும் வெள்ளீயமும் அந்த ஜாதி அல்ல. நூற்றுக்கு 62 பங்கு வெள்ளீயமும் 38 பங்கு காரீயமுமாகச் சேர்த்தால், கழுகு தலை தாழ்த்திய அந்த இடம் கிடைக்கிறது. தனிக் காரீயம் உருக 327 டிகிரி வேண்டும். தனி வெள்ளீயம் உருக 232 டிகிரி வேண்டும். இந்தச் சேர்க்கை 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. இரண்டும் தனித்தனியே அசையாமல் கிடக்கும் சூட்டில், சேர்ந்த இரண்டும் இளகி ஓடுகின்றன! அதனால்தான் நான் சிறுவனாக இருந்தபோது தெருவில் வந்து குடத்துக்குப் பற்றவைக்கிறவர் இரண்டையும் சேர்த்து வைத்திருப்பார். கரியடுப்பும் சிறு துருத்தியுமாக உட்கார்ந்து, நவாச்சாரத்தைத் தேய்த்து, ஒரு சொட்டு விட்டால் குடத்தின் ஓட்டை மூடிவிடும், குடம் உருகாது. காரீயம் உடம்புக்கு நஞ்சு என்று இன்று நமக்குத் தெரியும். பாத்திரத்துக்கு அதை வைக்கக் கூடாது. ஆனால் அந்தச் சொட்டுக்குள் இருக்கும் பாடம் பழுதுபடவில்லை.

அந்தச் சொட்டு உறைந்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது? பையன் பக்கத்தைப் புரட்டிப் பூதக்கண்ணாடிப் படம் ஒன்றைக் காட்டினான். கறுப்பும் வெளுப்புமாக மெல்லிய வரிகள். ஒரு வரி காரீயம், அடுத்த வரி வெள்ளீயம், மறுபடி காரீயம், மறுபடி வெள்ளீயம். நெய்த புடவைக் கரை மாதிரி இருந்தது.

"அப்படியானால் இரண்டும் கலக்கவே இல்லையா?" என்று கேட்டேன்.

"கலக்கலை மாமா. சேர்ந்திருக்கு. அதுதான் தனிக் காரீயத்தைவிடவும் தனி வெள்ளீயத்தைவிடவும் உறுதியா இருக்கு."

வெளிக்கண்ணுக்கு ஒரே உலோகம். உருகுவதும் ஒரே சூட்டில். உள்ளே பார்த்தால் இரண்டும் தத்தம் குணத்தோடு பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நான் புத்தகத்தை மூடிவிட்டு, "கோயிலுக்குப் போய் வருகிறோம்" என்று சொல்லி எழுந்தேன்.

தபசுக்கு முதல் நாள் மாலை அது. பிராகாரத்தில் ஆடிச்சுற்றுச் சுற்றுகிறவர்கள் வியர்வை வழியச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சங்கரலிங்கத்தையும் அம்மனையும் வணங்கிவிட்டுச் சங்கரநாராயணர் முன்னால் வந்து நின்றோம். எத்தனையோ முறை பார்த்த திருமேனிதான். அன்றுதான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். ஒரு பக்கம் சடை, மறு பக்கம் மகுடம். ஒரு கையில் மழு, மறு கையில் சங்கு. செய்தவர்கள் நினைத்திருந்தால், சிவனும் அல்லாத திருமாலும் அல்லாத புதிய உருவம் ஒன்றைப் படைத்து 'இதுதான் ஒற்றுமை' என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. இருவரும் அடையாளம் தெரிய நிற்கிறார்கள். அர்ச்சகர் திருநீறும் கொடுத்தார். துளசித் தீர்த்தமும் கொடுத்தார். என் மனைவி தீர்த்தத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்தேன். நெடுநேரம் ஒற்றிக்கொண்டாள்.

இப்போது அந்த 'ஆகட்டும்' கதையைச் சொல்ல வேண்டும்.

என் மனைவி பிறந்த ஊர் ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் பிறந்த ஊர். அவள் வீட்டில் திருவாய்மொழி சொல்லாமல் விடியாது. என் வீடு சைவ வீடு. திருமணமாகி வந்த மறுநாள் விடியற்காலையில் அவள் கோலம் போட்டுக்கொண்டே வாய்க்குள் பாசுரம் சொன்னாள். என் அம்மா கேட்டுவிட்டு, "இங்கே நமக்குத் தேவாரம் இருக்கு, அது போதும்" என்றாள். கடுமையாகச் சொல்லவில்லை. பிரியமாகத்தான் சொன்னாள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் "ஆகட்டும்" என்றேன். பெண்ணுரிமையைப் பற்றி நான் எழுதிய கதை ஒன்று அந்த மாதம்தான் ஒரு பத்திரிகையில் வெளிவந்திருந்தது.

அவள் நிறுத்திவிட்டாள். முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆகின்றன. உறவினர்கள் எல்லாரும் அவளைப் புகழ்ந்தார்கள்: "பாலில் சர்க்கரை மாதிரிக் கலந்துவிட்டாளே!" எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா காலமாகி ஓராண்டு கழித்து, ஒரு மார்கழிக் காலையில், "நீ பழைய மாதிரி பாசுரம் சொல்லேன்" என்று கேட்டேன். தாராளமாக நடந்துகொள்கிறோம் என்ற நினைப்பு எனக்கு. அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மறந்துபோச்சு" என்றாள். அவ்வளவுதான். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு நாள் உறுத்தியிருக்காது.

தீபாராதனை மணி அடித்தது. மணி வெண்கலம்; செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. பையன் பிறகு ஒரு செய்தி சொன்னான். அது என் மனைவி ஊருக்குப் பக்கத்துச் செய்தி. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்ஸாண்டர் ரீ தோண்டினார். தாழிகளோடு வெண்கலப் பாத்திரங்களும் கிடைத்தன. அதே சமயத்தில் கேம்பிரிட்ஜில் ஹேகாக், நெவில் என்ற இருவர் செம்பையும் வெள்ளீயத்தையும் பல பங்கில் கலந்து, பல சூட்டிலிருந்து திடீரென்று குளிர்வித்து, உள்ளே என்ன நடக்கிறதென்று பார்த்து, 1903-இல் லண்டன் ராயல் சொஸைட்டியில் அந்த ஜோடியின் படத்தை வெளியிட்டார்கள். அங்கே படம் வரைந்துகொண்டிருந்தார்கள். இங்கே அந்தப் படத்தைக் கையால் அறிந்திருந்தவர்களின் பாத்திரங்கள் மண்ணுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தன. ஒருவருக்கு மற்றவர் சேதி தெரியாது.

ஆதிச்சநல்லூர்ப் பாத்திரங்கள் சிலவற்றில் வெள்ளீயம் நூற்றுக்கு இருபதுக்கும் மேல் என்று பெங்களூர் தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சாரதா ஸ்ரீநிவாசன் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அத்தனை வெள்ளீயத்தைச் சேர்த்து மெல்ல ஆறவிட்டால் பாத்திரம் உருப்படாது. 586 டிகிரிக்கு மேலே செம்பும் வெள்ளீயமும் ஒரே நிலைமையாக இசைந்திருக்கும். அதற்குக் கீழே மெல்ல ஆறினால் பிரிந்துவிடும். பிரிந்ததில் ஒரு பகுதி கண்ணாடிபோல் நொறுங்கும். அந்தக் கன்னார் என்ன செய்தார்? செந்தணலாக இருக்கும்போதே அடித்துத் தட்டி, ஆறவிடாமல் தண்ணீரில் முக்கிவிட்டார். பிரிவதற்கு நேரம் இல்லை. சூட்டில் இருந்த ஒற்றுமை அப்படியே பிடிபட்டுவிட்டது. நிலைமைப் படத்தின்படி இந்தச் சூட்டில் அப்படி ஒரு பொருள் இருக்கவே கூடாது. ஆனால் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது, பொன்போல மின்னுகிறது, தட்டினால் பாடுகிறது.

இதைக் கேட்டபோது எனக்கு முதலில் ஆறுதலாக இருந்தது. சட்டென்று குளிர்வித்தாலும் நல்ல பாத்திரம் கிடைக்கத்தானே செய்கிறது? என் அம்மா செய்ததும் அதுதானே? பிறகு யோசித்துப் பார்த்தேன். சமநிலைப் படம் என்பதில் 'சமநிலை' என்ற சொல்லுக்குப் பொருள் அவகாசம். ஒவ்வோர் அணுவும் தனக்கு உரிய இடத்தைத் தானே தேடிப் போய் அமர நேரம் கொடுத்தால், எது நிற்குமோ அதைத்தான் படம் காட்டுகிறது. நேரம் கொடுக்காவிட்டால் வேறொன்று நிற்கும். அதுவும் உறுதியாக நிற்கலாம், அழகாகக்கூட நிற்கலாம். ஆனால் உள்ளே இருப்பது சமநிலை அல்ல, அகப்பட்டுக்கொண்ட நிலைமை. என் மனைவி கரைந்துவிட்டாள் என்று ஊரே சொல்லிற்று. அவள் கரையவில்லை; திருமணமான மறுநாள் காலையில் உறைந்துபோனாள். எல்லாரும் அந்தப் பாத்திரத்தின் ஓசையைப் புகழ்ந்தோம்.

பாத்திரம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். கதையில் வருகிற பாத்திரங்களை இத்தனை ஆண்டுகளாக நான் இஷ்டப்படி உருக்கி வார்த்திருக்கிறேன். வீட்டிலும் அந்தப் பழக்கம் எனக்கு வந்துவிட்டதோ என்னவோ.

கோயிலிலிருந்து திரும்பும் வழியில், ரதவீதியில் கூட்டம் குறைந்த ஓர் இடத்தில், இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். நாணயத்தைச் சொன்னேன், பற்றவைக்கிற ஈயத்தைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக நான் உவமை சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே பாதியில் புரிந்துவிட்டது. ஆனாலும் முடித்தேன். அவள் நன்றாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"ஈயத்துக்கு வாய் கிடையாது. அதனால எவ்வளவு சூட்டில எவ்வளவு தாங்கும்னு படம் போட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். எனக்கு வாய் இருந்துச்சே. நீங்க கேட்டிருக்கலாமே."

எந்தப் புத்தகத்திலும் இல்லாத திருத்தம் அது. மனித உறவுக்கும் உலோகக் கலவைக்கும் உள்ள வேற்றுமை முழுவதும் அதில் அடங்கிவிட்டது. காரீயம் எத்தனை பங்கு தாங்கும் என்பதற்கு ஒரே விடைதான். எல்லா நாட்டிலும், எல்லாக் காலத்திலும். மனிதர் விஷயத்தில் அந்த எல்லைக்கோட்டை வெளியாள் வரைய முடியாது. மாமியாரும் வரைய முடியாது. கணவனும் வரைய முடியாது. கதாசிரியனும் வரைய முடியாது. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுத்தால் தான் தானாக இருக்க முடியாது என்பது அவரவருக்கே தெரியும். மற்றவர்கள் செய்யக்கூடியது இரண்டுதான்: கேட்பது, விடை வருகிற வரைக்கும் அவகாசம் கொடுப்பது. இரண்டும் மிகச் சிறிய காரியங்கள். அந்த இரண்டைச் செய்யாமலேதான் நாம் எத்தனையோ குடும்பங்களில் ஒற்றுமையை உண்டாக்கிவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறோம்.

"இப்போது கேட்கிறேன்" என்றேன்.

"இப்போ கேட்டா? நிஜமாவே பாதி மறந்துதான் போச்சு" என்றாள். சற்று நடந்த பிறகு, "பாதிதான்" என்றாள்.

இரவு சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, நானே அந்தப் பேச்சை எடுத்தேன். ஆடி மாதம் என்று பார்க்கவில்லை.

"அக்கா, காலையில் நீ சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பெண் நம்மோடு கலக்க வேண்டாம். நம்மோடு சேர்ந்திருக்கட்டும், போதும்."

"ரெண்டும் ஒண்ணுதானேடா?"

"இல்லை, அக்கா. நாளைக்குத் தபசுக் காட்சி பார்க்கப் போகிறாயே, அங்கே சாமி கலந்தா நிற்கிறார்? சேர்ந்துதானே நிற்கிறார்?"

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்தாள். சாமியை இழுத்துவிட்டால் அவளால் மறுக்கவும் முடியாது. அதற்காக ஒப்புக்கொள்ளவும் மனம் வராது. பையன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். என் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அப்போ அவ ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போவாளா?" என்று கடைசியில் அக்கா கேட்டாள்.

"அது அவளைக் கேட்க வேண்டிய கேள்வி. போகிறேன் என்றால் போவாள்."

"காலங்காத்தால போவாங்களே. வெறும் வயித்தோடவா போவா?" என்று அக்கா என் மனைவியின் பக்கம் திரும்பினாள். "ஞாயித்துக்கிழமை மட்டும் இட்லிப் பானையைக் கொஞ்சம் முன்னாடியே அடுப்பில ஏத்திரு. என்ன?"

என் மனைவி சிரித்தாள். "ஆகட்டும்" என்றாள்.